ஐயாவின் ஹெரால்டு: முதலில் எதைக் கழற்றுவது?

6 ஜனவரி 2024 – கேள்வி

அண்ணா, எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், காரைக்குடி வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மார்க் டூ, இரண்டு கதவு, 1966 பதிவு. கடைசியாக ஓடியது 2002-இல். எஞ்சின் சுற்றவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், 10 நாள் விடுப்பு இருக்கிறது. பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடிச்சட்டமான சேஸிஸை மட்டும் தனியாக்கி, மணல் அடித்து பெயின்ட் பூசி, அப்புறம் ஒவ்வொன்றாகப் பூட்டலாம் என்று நினைக்கிறேன். வீடியோக்களில் அப்படித்தான் செய்கிறார்கள். முதலில் எதைக் கழற்றுவது?

7 ஜனவரி 2024

தம்பி, எதையும் கழற்ற வேண்டாம்.

10 நாளில் பாடியைத் தூக்கிவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் சென்னைக்கு ரயில் ஏறும் அன்று கொட்டகையில் கார் இருக்காது, கார் சாமான்கள் இருக்கும்.

என்னிடம் இருப்பது 1969 மார்க் த்ரீ, நாலு கதவு. அப்பா 1981-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 2011 மே மாதம் கோடை விடுமுறையில், 19 நாளில், அதை நட்டு போல்ட்டு வரை பிரித்துப் போட்டேன். அது திரும்ப ஓடியது 2019 ஜனவரியில். கழற்றியதை எல்லாம் பிஸ்கட் டின்னிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் போட்டு, காகிதத்தில் பேர் எழுதிச் சோற்றுப்பசையால் ஒட்டி வைத்திருந்தேன். அந்தப் பசைக்காகவே கரப்பான் பூச்சி காகிதத்தைத் தின்றுவிட்டது. 43 டின், பாட்டில். எதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கதவு கீலின் போல்ட்டும் பம்பர் போல்ட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், பூட்டும்போதுதான் கால் அங்குலம் குட்டை என்று தெரியும்.

அதனால் என் வரிசை இது: பிரேக், எஞ்சின் சுற்றுவது, கரண்ட், பெட்ரோல், அப்புறம் காம்பவுண்டுக்குள் 10 அடி ஓட்டம். பாடியும் பெயின்ட்டும் கடைசி. ஒரு வேலையைக் கழற்றினால் அதைப் பூட்டி முடித்த பிறகுதான் அடுத்த நட்டில் கை வைக்க வேண்டும்.

முதல் நாள் முழுக்கப் படம் மட்டும் எடுங்கள்.

8 ஜனவரி 2024

கருவிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டே தொடக்கத்துக்குப் போதும். 13 நம்பர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் உட்கார்ந்துவிடும். ஒரு நல்ல ஜாக்கி, அதைவிட முக்கியமாக இரண்டு இரும்பு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், செங்கல்லை நம்பியும் விடாதீர்கள். செங்கல் சொல்லாமல் பொடிந்துபோகும். ஒரு கிலோ பனியன் வேஸ்ட் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கிலோவா என்று இப்போது தோன்றும், மூன்றாம் நாள் தீர்ந்திருக்கும்.

10 ஜனவரி 2024

வீடியோவில் ஏன் எல்லோரும் பாடியைத் தூக்குகிறார்கள் என்று கேட்கிறீர்கள். தூக்க முடிகிறது, அதனால் தூக்குகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் வந்தது. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் எல்லாம் சேஸிஸும் பாடியும் ஒன்றாகவே அமைந்த வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃபுக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்ய ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனி சேஸிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, போல்ட் போட்டுச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். மேல் டாப் தனி, பின் பகுதி தனி, முன் பகுதி தனி. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி.

அதே வண்டியை 1961 முதல் வண்டலூரில் செய்தார்கள். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-இல் தொடங்கிய மெட்ராஸ் கம்பெனி. 1968-இல் வந்த மார்க் த்ரீயில் நாலு கதவு வைத்தார்கள். ட்ரையம்ஃபில் நாலு கதவு ஹெரால்டு கிடையாது, அது நம் ஊரில் பிறந்தது. தாம்பரம் தாண்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இதை யாரிடமாவது சொல்லிவிடுவேன். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

போல்ட் போட்டுச் சேர்த்த பாடி என்பதால் ஒரு சிக்கல் இருக்கிறது. கதவு இடைவெளி, டாப் மட்டம், பானெட் உட்காரும் கோணம் எல்லாமே பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைத்த வாஷர்களின் கனத்தில்தான் நிற்கிறது. 1966-இல் தொழிற்சாலையில் ஒருவர் கண்ணால் பார்த்து வைத்த வாஷர் அது. தூக்கிவிட்டால் அந்த அளவு போய்விடும். என் வண்டியின் பின் கதவு ஒன்று இன்றுவரை கீழே கால் அங்குலம் விலகியே நிற்கிறது.

14 ஜனவரி 2024

படங்கள் பார்த்தேன். செட்டிநாட்டு வெயிலும் ஓட்டுக் கொட்டகையும் வண்டியைக் காப்பாற்றியிருக்கின்றன. சென்னையில் கடற்காற்றில் நின்றிருந்தால் தரைத் தகட்டில் கை நுழைந்திருக்கும்.

ஹேண்ட் பிரேக் விடுவித்தும் பின் சக்கரம் சுற்றவில்லை என்றால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள், டிரம்மின் விளிம்பில் ஒரு மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நேராக இரும்பின் மேல் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

எஞ்சினுக்கு: நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் ஏ.டி.எஃப். என்ற ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிப் பாதி கலந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் மூன்று ஸ்பூன் ஊற்றுங்கள். பிளக்கை லேசாகத் திருப்பி மூடிவிட்டுப் பொங்கல் கொண்டாடுங்கள். நாலு நாள் தொடவே கூடாது. செல்ஃப் மோட்டாரை வைத்துச் சுற்றிப்பார்க்கலாமா என்று கை அரிக்கும். வேண்டாம், ஒட்டியிருக்கும் பிஸ்டன் வளையம் உடைந்துவிடும்.

பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தாயிற்று அல்லவா? அப்படியே முன் டயரின் மேல் உட்காருங்கள். கார்புரேட்டர் முழங்கைக்கு நேரே வரும். மட்கார்டு, விளக்கு, முன் முகம் மொத்தமும் பானெட்டோடு சேர்ந்து போய்விடுவதால், எஞ்சினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்ட மாதிரி வேலை செய்யலாம். இந்த வசதியை வேறு எந்தப் பழைய வண்டியிலும் நான் அனுபவித்ததில்லை. என் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி அந்த டயர் மேல்தான் கழிந்தது.

18 ஜனவரி 2024

சுற்றிவிட்டதா! எழுந்து நின்று படித்தேன்.

டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்ததும், பிளக் இல்லாமல் செய்ததும் சரி. ஓட்டையிலிருந்து பீறிட்டு ஓட்டுக் கூரை வரை போன கறுப்பு எண்ணெயைத் துடைக்க அப்பத்தாவின் பழைய சேலையை எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். பனியன் வேஸ்ட் அதற்குள் தீர்ந்துவிட்டது என்று புரிகிறது.

இப்போது ஒரு சோதனை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து விட்டு, மிதித்து விட்டு இருக்கட்டும். நீங்கள் டயர் மேல் உட்கார்ந்து, எஞ்சினின் முன் முனையில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கிளட்ச் மிதிக்கும்போது புல்லி முன்னால் வருவது கண்ணுக்கே தெரிந்தால், எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் முன்பின் நகராமல் தடுக்க, பின் பேரிங்கில் இருக்கும் அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இந்த 948 சிசி எஞ்சினின் பெரிய பலவீனம் அதுதான். தேய்ந்த வாஷர் ஒருநாள் சம்ப்பில், அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில், விழும், அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கை அறுக்கும். முன்கூட்டியே பார்த்துவிட்டால் எஞ்சினை இறக்காமலேயே, சம்ப்பை மட்டும் கழற்றிப் புது வாஷரைச் சொருகிவிடலாம்.

20 ஜனவரி 2024

8-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். 13 நம்பர் ஸ்பேனர் போதும் என்றேன், அது தவறு. உங்கள் மேனிஃபோல்ட் நட்டு முனை மழுங்கியதற்கு நான்தான் காரணம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த 0.3 வித்தியாசம் புது நட்டில் தெரியாது, துரு ஏறிய நட்டில் ஸ்பேனர் வழுக்கிவிடும். 9/16 நட்டுக்கு 14 நுழையாது, 15 ஆடும். அங்குல அளவு ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள், முக்கியமாக 7/16, 1/2, 9/16. நான் என்னிடமிருந்த பழைய செட்டை வைத்தே இத்தனை காலம் வேலை செய்ததால் இந்த வித்தியாசத்தை யோசிக்கவே இல்லை.

மழுங்கிய நட்டுக்கு: சூடு காட்டி, மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். ஆறியதும் குறடால் திருப்புங்கள். எனக்கு 10-க்கு 7 முறை வந்திருக்கிறது.

4 பிப்ரவரி 2024

பெட்ரோல் டேங்க். டிக்கியில் இடது பக்கம் இருக்கும். 22 வருடப் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும், அந்த வாசனை மூக்கைவிட்டுப் போக இரண்டு நாள் ஆகும். டேங்கைக் கழற்றி, காலி செய்து, சோப்புத் தண்ணீரில் அலசி, உள்ளே கூழாங்கல் போட்டுக் குலுக்குங்கள், துரு உதிரும். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். காலி டேங்குதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி.

5 பிப்ரவரி 2024

கூழாங்கல் வேண்டாம். இரவு படுத்தபின் நினைவு வந்தது. கல் உரசிப் பொடி விடும், அந்தப் பொடி பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஊசித்துளையான ஜெட்டில் போய் உட்காரும். இரும்பு நட்டுகள் போடுங்கள். எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். நான் 40 போட்டு 39 எடுத்தேன். அந்த ஒன்று இரண்டு மாதம் ஒவ்வொரு திருப்பத்திலும் டிக்கிக்குள் உருண்டது.

25 பிப்ரவரி 2024

கார்புரேட்டர் சோலெக்ஸ் கம்பெனியுடையது. அப்பத்தா புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளபளக்கும் என்று சொன்னது சரிதான். ஜெட்டுகளும் மிதவையும் பித்தளை, புளித்தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாகக் கழுவுங்கள். கார்புரேட்டரின் உடம்பு வேறு உலோகக் கலவை, அதைப் புளியில் போட்டால் அரித்துவிடும். ஜெட் ஓட்டைக்குள் கம்பி விட வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். வாயால் ஊதினாலே போதும், அடைப்பு பிடிவாதமாக இருந்தால் பஞ்சர் கடைக் காற்று.

ரப்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும். உங்கள் வண்டி நின்ற 2002-இல் போட்ட பெட்ரோல் வேறு, இன்றைய பெட்ரோல் வேறு. இன்று எத்தனால் கலந்து வருகிறது, அதுவும் 20 சதவீதம் வரை. பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறி மெத்தென்று ஆகும், பிறகு பிய்ந்துவிடும். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் டயஃப்ரம் கிடைத்தால் இன்னும் நல்லது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் நிறையப் பெட்ரோல் வைத்திருக்காதீர்கள்.

17 மார்ச் 2024

பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய்வந்தீர்கள் என்று அறிந்தேன். முதல் முறை போனால் தலை சுற்றும். ஒரு சந்து முழுக்கக் கதவு, ஒரு சந்து முழுக்க விளக்கு. கடையில் போய் "ஹெரால்டு சாமான் இருக்கா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். சாமானைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதே கம்பெனியின் பழைய கார் ஸ்டாண்டர்ட் டென்னுக்கும் ஹெரால்டுக்கும் ஒரே 948 எஞ்சின், அதனால் டென் என்று சொல்லியும் கேட்டுப்பாருங்கள். ஹெரால்டுக்கு அடுத்து 1972-இல் வந்த கஸெல் கார் சாமானும் பல இடத்தில் பொருந்தும், பின் ஆக்ஸில் மட்டும் பொருந்தாது.

சம்ப் கேஸ்கெட் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம், கார்க் ஷீட் வாங்கி வீட்டிலேயே வெட்டலாம். சம்ப் விளிம்பில் கிரீஸ் தடவி ஷீட்டில் அழுத்தினால் அச்சு விழும். போல்ட் ஓட்டைக்குப் பழைய தோட்டா உறை ஒன்றை வைத்துத் தட்டுவார் எங்கள் தெரு மெக்கானிக் பெரியவர். ஒவ்வொரு ஓட்டையும் அச்சு அடித்த மாதிரி வட்டமாக விழும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, தட் என்று ஒரே அடி.

21 ஏப்ரல் 2024

இந்தக் குறிப்பை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள்.

முன் சக்கரத்துக்கு உள்பக்கம், கீழே, டிரன்னியன் என்று ஒரு பித்தளைச் சாமான் இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கட்டையின் அடி முனையில் மரை வெட்டியிருக்கும், அந்த மரை இந்தப் பித்தளைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் மரை இதற்குள் சுற்றும். வண்டியின் முன் பாரம் இந்த மரைகளில்தான் இறங்குகிறது.

இதற்குக் கிரீஸ் கூடாது, எண்ணெய்தான். 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் போய் அடைத்துக்கொள்ளும், காய்ந்து கட்டியாகும், மரையின் அடிவரை எண்ணெய் இறங்காது, மழைத்தண்ணீர் உள்ளே நின்று எஃகை அரிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2019 ஆகஸ்ட். வண்டி ஓடத் தொடங்கி ஏழு மாதம். ஒரு சர்வீஸ் கடையில் விட்டேன், மற்ற வண்டிக்கு அடிப்பது போலவே கிரீஸ் ஏற்றும் வாயான எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்பும் பல வருடம் அப்படித்தான் அடித்திருக்க வேண்டும், ஏனென்றால் பிறகு பார்த்தபோது உள்ளே மெழுகு மாதிரி மஞ்சளாக இறுகிக் கிடந்தது. வீட்டுத் தெருவில் திரும்புகிறேன், வேகம் 10 கிலோமீட்டர்கூட இருக்காது. டக் என்று ஒரு சத்தம். வலது முன் சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து படுத்துக்கொண்டது, காலை மடக்கி உட்கார்ந்த மாடு மாதிரி. பின் சீட்டில் என் மகள். இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் 60-இல் போகும்போது நடந்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு தூங்கவில்லை.

உடைந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெட்டுமுகத்தில் மூன்றில் இரண்டு பங்கு காபிப்பொடி நிறம், பழைய துரு. மிச்சம் ஒரு பங்கு மட்டும் வெள்ளி மாதிரிப் பளிச்சென்று இருந்தது. அதாவது அன்று உடைந்தது அந்த ஒரு பங்குதான், மற்றது பல வருடமாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: இரண்டு பக்கமும் கழற்றுங்கள். இடது பக்க மரை இடது சுற்று, வலது பக்கம் வலது சுற்று, மாற்றித் திருகி உடைத்துவிடாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, மரையை வெயிலில் வைத்து லென்ஸால் பாருங்கள். குழியோ கோடோ தெரிந்தால் அந்தச் சாமான் வேண்டாம், அழகாக இருந்தாலும் வேண்டாம். பூட்டிய பிறகு கிரீஸ் கன்னில் 90 ஆயிலை நிரப்பி, மேலே கசிந்து வரும்வரை அடியுங்கள். நிப்பிள் இடத்தில் மூடி பிளக் இருந்தால் அதை எடுத்துவிட்டு நிப்பிள் போட்டு அடிக்க வேண்டும். ஆயில் கீழே சொட்டிக்கொண்டே இருக்கும், இருக்கட்டும்.

12 மே 2024

பெரிய வேலையாக இருப்பதால் வண்டியை முழுதாகப் பிரித்தே முடித்துவிடலாமா என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். ஜனவரியில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

நான் பிரித்துப் போட்டபோது அப்பாவுக்கு 71 வயது. முதலில் ஆர்வமாக இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து எந்தச் சாமான் எங்கே போகும் என்று சொல்வார், கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். ஒரு வருடம் கழித்துச் சொல்வது குறைந்தது. அப்புறம் ஷெட் பக்கமே வருவதில்லை. 2015-இல் போய்விட்டார். போகும்போது வண்டி டின்னிலும் பாட்டிலிலும்தான் இருந்தது.

சேஸிஸுக்கு மணல் அடிக்க வேண்டும், பவுடர் கோட்டிங் வேண்டும், ஒவ்வொரு போல்ட்டும் புதிதாக மின்ன வேண்டும் என்று நான் நினைத்ததால் நடந்தது இது. அவருக்கு மின்ன வேண்டும் என்று ஆசை இருந்ததே இல்லை. ஒருமுறை ஓட்டி மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் போதும் என்றுதான் கேட்டார். எஞ்சின் அன்றைக்கு நல்ல நிலையில்தான் இருந்தது. பிரேக்கும் டயரும் பெட்ரோல் குழாயும் மாற்றியிருந்தால் 2011-லேயே ஓட்டியிருப்பார்.

உங்கள் அப்பத்தாவுக்கு 84 என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இத்தனை பிடிவாதமாகச் சொல்கிறேன்.

9 ஜூன் 2024

ஒயரிங். முதலில் பேட்டரியைப் பூட்டும் முன் ஒரு எச்சரிக்கை: ஹெரால்டு பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். இன்றைய வண்டிப் பழக்கத்தில் மைனஸை பாடிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நிறங்கள் லூகாஸ் முறைப்படி: பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் உயிர் ஒயர், வெள்ளை என்றால் சாவி போட்டதும் வருவது, பச்சை என்றால் அதே கரண்ட் ஃப்யூஸ் வழியாக, நீலம் ஹெட்லைட், சிவப்பு சின்ன விளக்கு, கறுப்பு எர்த். 58 வருடத்தில் நிறம் மங்கிப் பிரவுனும் சிவப்பும் ஒன்று போலத் தெரியும். ஸ்லீவுக்குள் நுழையும் இடத்தில் அரை அங்குலம் உரித்துப் பாருங்கள், அங்கே பழைய நிறம் அப்படியே இருக்கும்.

16 ஜூன் 2024

நல்லவேளை, பூட்டும் முன் படம் அனுப்பினீர்கள். போன வாரம் நான் எழுதியது என் வண்டிக்குச் சரி, உங்கள் வண்டிக்கு இல்லை. உங்கள் வண்டியில் யாரோ எப்போதோ நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கிறார்கள். டேஷ்போர்டில் இருக்கும் கேசட் பிளேயருக்காக இருக்கலாம். பாடிக்குப் போகும் பட்டைக் கம்பியின் முனை மைனஸ் அளவில் புதிதாக வைத்தது, இக்னிஷன் காயிலிலும் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று குறித்த இரண்டு முனைகளின் ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன. மாற்றியவர் தெரிந்து செய்திருக்கிறார். அப்படியே விடுங்கள், இருக்கிறபடியே பூட்டுங்கள்.

ஒன்று மட்டும்: பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ இத்தனை வருடம் சும்மா இருந்ததில் அதன் காந்தம் மறந்திருக்கும். டைனமோவில் எஃப் என்று குறித்த முனையின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் உயிர் முனையிலிருந்து ஒரு ஒயரால் எஃப்-ஐ ஓரிரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான்.

டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, வால்வ் குளிர்ந்த நிலையில் 0.010. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2.

18 ஆகஸ்ட் 2024

ஆர்.சி. பற்றி. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு என்று 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். தினசரிப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது. உங்களுக்கு மார்க்கெட்டுக்குப் போய்வர வேண்டும் என்றால் அது சரிவராது, பழைய பதிவைப் புதுப்பிக்கும் வழியையே பாருங்கள். எப்படியானாலும் சேஸிஸ் எண் தகட்டின் மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். என் பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் அழகாக அடித்துவிட்டு, ஆய்வுக்கு முந்தின இரவு முழுக்க உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

22 செப்டம்பர் 2024

பிரேக்கை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தேன், நீங்கள் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். பரவாயில்லை, ஆனால் அது முடியாமல் சாவி போட வேண்டாம். ஓடும் வண்டியை ஓட்டாமல் இருக்க யாராலும் முடியாது.

இந்த வண்டியில் ஒரே சர்க்யூட். ஒரு இடத்தில் குழாய் போனால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதனால் மாஸ்டர் சிலிண்டர் கப், எல்லா வீல் சிலிண்டர் கப், நாலு ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய், ஒன்று விடாமல் புதிது. சிலிண்டருக்குள் விரல் விட்டுத் தடவுங்கள், நகம் தட்டினால் குழி விழுந்திருக்கிறது, லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட வேண்டும். கப்பைப் பூட்டும்போது பிரேக் ஆயிலையே தடவுங்கள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் ரப்பர் உப்பிவிடும்.

11 அக்டோபர் 2024

வீடியோ பார்த்தேன். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும், நாலு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும். பெட்ரோல் பாட்டிலைச் சலைன் மாதிரி மேலே கட்டித் தொங்கவிட்டிருப்பதும் தெரிகிறது. பக்கத்தில் மணல் வாளி வைத்தீர்களே, அதைப் பார்த்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

நாலாவது முறை பிடித்ததும் வந்த அந்தச் சத்தம்! முதலில் இரண்டு சிலிண்டர், அப்புறம் மூன்றாவது, கொஞ்சம் தயங்கி நாலாவது. நான் இங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். புகை நிற்க இரண்டு மூன்று நாள் ஆகும், நாம் ஊற்றிய டீசலும் ஏ.டி.எஃபும் சைலன்சரில் தேங்கியிருக்கும்.

20 அக்டோபர் 2024

அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு கல்லுக்கட்டி வரை போய்வந்தீர்களா. முன் சீட்டில் உட்கார மாட்டேன், ஐயா ஓட்டும்போது பின்னால்தான் உட்காருவேன் என்று சொன்னார் என்று படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. இரண்டு கதவு வண்டியில் 84 வயதில் பின் சீட்டுக்கு ஏறுவது லேசில்லை. ஆனாலும் ஏறியிருக்கிறார்.

பெரிய ரோட்டில் எடுக்கும் முன் ஒன்று. பின் சக்கரம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது ஆக்ஸிலும் சேர்ந்து சாயும். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமாக வளைவில் போய், பயந்து திடீரென ஆக்சிலேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக மிதித்தபடியே போக வேண்டும். கஸெலில் இந்த ஆக்ஸிலை மாற்றியது சும்மா இல்லை.

17 நவம்பர் 2024

இனிமேல் பாடியைத் தூக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஜனவரியில் கூடாது என்றேன். இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். டிக்கித் தரையும் சேஸிஸ் பக்கக் கைகளும் அரித்திருப்பது படத்தில் தெரிகிறது, அதைச் சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் பாடி இருக்கிறபடியே, ஒரு பக்கத்துக் கதவுக்குக் கீழே இருக்கும் சில் தகட்டை மட்டும் போல்ட் எடுத்துக் கழற்றுங்கள். பாரம் தாங்கும் தகடு இல்லை அது. அந்தப் பக்கத்துக் கை ஒன்றை வெட்டிப் புதிது வைத்து, கதவைச் சாத்தி இடைவெளி பார்த்து, அப்புறம் மறுபக்கம். டிங்கர் வேலைக்கு ஆள் வைத்தால், பட்டி பூசும் முன் வெறும் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

மழைக்காலம். பின் கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பாயைத் தூக்கிப் பாருங்கள்.

டிசம்பரில் பல்லவன் ரயிலில் நானும் வருகிறேன். 90 ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வைத்திருங்கள். ஏப்ரலுக்குப் பிறகு டிரன்னியனுக்கு நீங்கள் ஆயில் அடித்ததாக எங்கேயும் எழுதவில்லை.